மாலை கரைந்துவிட்டதா?

1

ஊரில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வியை வைத்துவிட்டுத் தொடங்குகிறேன். கல்யாணத்துக்கு நிஜப் பூ நல்லதா, பிளாஸ்டிக் பூ நல்லதா?

சிரிக்கவேண்டாம். இங்கே, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரிம்ஸ்பி என்னும் துறைமுக ஊரில், நான் வேலை பார்க்கும் மீன் வெட்டும் கூடத்தில், ஒரு வாரமாக இதுதான் பேச்சு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஐஸ் தண்ணீரில் கை விறைக்க விறைக்க, வரிசையாக நின்று மீனைச் சதை வேறு முள் வேறாகப் பிரிக்கிற பெண்கள் நாங்கள். எனக்கு வலப்பக்கம் நிற்பவள் மவ்ரீன். அவளுக்கு வருகிற பிப்ரவரியில் கல்யாணம். எல்லாம் அவளே செய்துகொள்கிறாள். கவுனை அவளே தைக்கிறாள். கேக்கைச் சித்தி சுடுகிறாள். சர்ச்சுக் கூடத்துக்கு நாற்காலி தூக்க நாங்கள் போகவேண்டும். பாக்கி இருப்பது பூ ஒன்றுதான்.

பிப்ரவரியில் இந்த ஊரில் புல்லே யோசித்துத்தான் முளைக்கும். நிஜப் பூ வேண்டுமென்றால் ஹாலந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். பிளாஸ்டிக் பூ என்றால் மூலைக்கடையில் கொத்துக் கொத்தாக வாளியில் நிற்கிறது. எங்களில் மூத்தவள் டோரிஸ், பிளாஸ்டிக் பூ சமாதிக்குத்தான் லாயக்கு என்றாள். இன்னொருத்தி, நிஜப் பூவைக் கண்டால் தன் அண்ணன் தும்முவான், அவன் தும்மினால் பாதிரியார் சொல்வது யாருக்கும் கேட்காது என்றாள். மவ்ரீன் என் பக்கம் திரும்பினாள்.

"உன் கல்யாணத்தில் என்ன பூ?"

"பிளாஸ்டிக்" என்றேன்.

அத்தனை கத்தியும் நின்றது.

"இந்தியாவிலா? அங்கே பூ முளைக்காதா?"

"முளைக்கும். தெருவுக்குத் தெரு விற்கும். அதனால்தான் பிளாஸ்டிக்."

அதற்குள் டீக்கு மணி அடித்துவிட்டது. டீ நேரத்தில் இவர்கள் எந்தக் கதையையும் கேட்கமாட்டார்கள். இந்தத் தை மாதத்தோடு எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. மவ்ரீனிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன்.

2

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு நெல் வயல் இருந்தது. கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து அங்கம்மாள் என்னும் அம்மாள் மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவார். மீனைக் கொடுத்துவிட்டு நெல்லை வாங்கிப் போவார். ஒருமுறை அவருக்குக் கால் சுளுக்கியிருந்தது. கூடையைத் தூக்க மகனைக் கூட்டி வந்தார். மகன் பெயர் தேசிங்கு. கப்பலில் இயந்திர அறையில் வேலை, லீவில் வந்திருந்தார். அதன்பின் அந்த லீவு முடிகிறவரை அங்கம்மாளுக்குக் கால் சுளுக்கு சரியாகவில்லை. மீதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அப்பாவிடம் விஷயம் போனதும், "நான் தடுக்கமாட்டேன். வரவும் மாட்டேன்" என்றார். அப்பா வராத இடத்துக்கு மேளக்காரர் வரவில்லை, சமையல்காரர் வரவில்லை, ஐயர் வரவில்லை, சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை. ஆக எங்கள் கல்யாணமும் மவ்ரீன் கல்யாணம் மாதிரிதான். பந்தலுக்குப் பனை ஓலையும் பழைய வலையும். சமையலுக்கு என் மாமியாராகப் போகிறவர். பூவுக்கு?

நான் கடைத்தெருவில் சொல்லி மல்லியும் சாமந்தியும் எடுக்கலாம் என்றேன். தேசிங்கு, இனிமேல் எனக்கு 'இவர்', தன் கப்பல் பெட்டியைத் திறந்து, ஹாங்காங்கில் வாங்கிய பிளாஸ்டிக் பூக்களை வெளியே எடுத்து வைத்தார். ரோஜா, ஊதா நிறத்தில் பெயர் தெரியாத ஒன்று, பச்சைப்பசேலென்று இலை. ஏரிக்கரையே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது. அந்தக் காலத்தில் அதைப் பணக்கார வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குள்தான் பார்க்கலாம்.

அங்கம்மாள் ஒரு ரோஜாவை எடுத்தார். முகர்ந்தார். கடித்தார். தண்ணீர்க் குடத்தில் முக்கி எடுத்து உதறினார்.

"டேய், இது வாடாதா?"

"வாடாதும்மா."

"வெய்யிலுக்கு?"

"வாடாது."

"உப்புக் காத்துக்கு?"

"ஒண்ணும் ஆவாது."

"அப்ப இதான்" என்றார்.

நான் மெதுவாக, "அத்தே, மல்லின்னா வாசனையா இருக்குமே" என்றேன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதற்குள் அத்தே.

"வாசனை யாருக்கு வோணும்? வாசனை பாக்கறவங்கல்லாம் வரலன்னுட்டாங்க. வர்றவங்க கண்ணால பாக்கறவங்க. இந்தக் காத்துல மல்லி தாலி கட்றதுக்குள்ள கறுத்துப் பூடும். 'பொண்ணு வந்த நேரம் பூ கறுத்துச்சி'ன்னு சொல்றதுக்கு அஞ்சாறு வாயி காத்துக்கினு கீது. அந்த வாய்க்கு நான் தீனி போடமாட்டேன்."

சொல்லிவிட்டு, வலை பின்னும் ஊசியை எடுத்துவந்து உட்கார்ந்தார். நைலான் நூல் ஏரிக்கரைக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பூவைக் காம்பிலிருந்து பிடுங்கி, நைலான் நூலில் கோத்து, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு வலை முடிச்சு. பெரிய மீன் துள்ளினாலும் அவிழாத முடிச்சு. எனக்கும் அன்றைக்கே அதைச் சொல்லிக்கொடுத்தார். பெண் தன் கல்யாண மாலையைத் தானே கட்டுவதா என்று யாரோ கேட்டதற்கு, "அவ கல்யாணத்த அவளேதான பண்ணிக்கறா?" என்று பதில் வந்தது. தலைக்கு மட்டும் ஒரு முழம் நிஜ மல்லி. அது அவர் சொன்னபடியே தாலி கட்டுவதற்குள் கறுத்துவிட்டது.

கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் இலை கழுத்தில் குத்தியதால், இரண்டு பேரும் விலை பேசப்படுகிற ஆடுகள் மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டிருப்போம்.

3

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எல்லா வீட்டிலும் கல்யாண மாலையைக் கால் படாத இடத்தில், ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள். அங்கம்மாள் வீட்டில் ஏரியில் விடுவார்கள். அதோடு முடியாது. மாலை தண்ணீரில் அழுகிக் கரைந்தபின்தான் புதுப்பெண் தண்ணீர் தாண்டலாம். அதுவரை படகில் ஏறக்கூடாது, அக்கரைக்குப் போகக்கூடாது. பூ மாலை என்றால் மூன்று நாலு நாளில் கரைந்துவிடும். அங்கம்மாள், அவர் மாமியார், அவருக்கும் முந்தியவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்களாம்.

இதை யாரும் மாலை கட்டும்போது யோசிக்கவில்லை. வாடாதா, வாடாதா என்று மூன்றுமுறை கேட்டவர் கரையுமா என்று ஒருமுறை கேட்கவில்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் இரண்டு மாலையையும் படகில் கொண்டுபோய் ஏரி நடுவில் விட்டார்கள். காலையில் இரண்டும் வாசலுக்கு நேரே கரையில் கிடந்தன. மறுபடி விட்டார்கள். இந்தமுறை யாரோ ஒருவர் வலையில் மாட்டி வந்தன. கல்லைக் கட்டி விட்டார்கள். இறால் பிடிக்க ஏரிச் சேற்றில் கையால் துழாவிய ஒரு பெண், கல்லைக் கழற்றிவிட்டு, இரண்டு மாலையையும் அலசி, தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அங்கம்மா அக்கா, உம் மருமவ மாலை. எங்கியோ உழுந்து கெடந்துச்சி. பத்தரமா வெச்சிக்கக் கூடாது?"

ஏரிக்கரை மொத்தத்துக்கும் அந்த மாலை அடையாளம் தெரியும். வெளிநாட்டுப் பூ ஆயிற்றே என்று யாராவது திருடியிருந்தால்கூடப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவ்வளவு நல்லவர்கள் நடுவில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன்.

இவருடைய லீவு முடிந்தது. கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தார்.

"யம்மா, இங்கிலாந்துல ஒரு துறைமுகத்துல வேலை சொல்லி வெச்சிக்கீறேன். ஊடு பாத்துட்டுப் பேப்பர் அனுப்புவேன். வசந்தாவ அனுப்பிடு."

"மாலை கரையட்டும்."

"வசந்தா ஏரோப்ளான்ல வரப்போவுது. தண்ணியில கால் வெக்கப் போறதில்ல."

"ஏரோப்ளானுக்குக் கீழ இன்னா கீது?"

"கடல்."

"அப்ப?"

"ரயிலும்தான் பாலத்துமேல போவுது. அது தண்ணி தாண்டறதில்லியா?"

"பாலத்துக்குக் கால் தரையில கீது. ஏரோப்ளானுக்குக் கால் எங்க கீது?"

பல தேசத்து எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய மனிதர் தன் பெட்டியைப் பூட்டிக்கொண்டார். போய்விட்டார். நான் ஏரிக்கரையில் இருந்தேன். மீன் அரியக் கற்றுக்கொண்டேன். நெல் வீட்டில் பிறந்தவள் மீன் அரிவதைப் பார்க்க முதலில் கூட்டம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

4

பேப்பர் வந்தது. என் பாஸ்போர்ட்டுக்கு ஒரு அத்தாட்சி வேண்டியிருந்தது: கல்யாணம் நடந்து முடிந்தது என்று பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்தில் நேரில் வந்து சொல்லவேண்டும். பெரியவர் என்றால் அங்கம்மாள்தான். மாமனார் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் மாறித் திருவள்ளூர் போனோம். பாலம் வரும்போதெல்லாம் அத்தை சன்னலில் எட்டிப் பார்த்தார், அதற்குக் கால் இருக்கிறதா என்று. ஸ்டேஷன் வாசலில் நாஷ்டா. அப்புறம் அலுவலகத்துப் பெஞ்சு. எங்கள் முறை வந்தபோது அதிகாரி களைத்திருந்தார், ஆனால் மரியாதையானவர்.

"நீங்க யாரும்மா?"

"புள்ளையப் பெத்தவ."

"உங்க மகனுக்கும் இந்தப் பொண்ணுக்கும் கல்யாணம் நடந்து முடிஞ்சுதா?"

"நடந்துச்சிங்க. முடியல."

பேனா நின்றது.

"தாலி கட்டினாரா?"

"கட்டனான்."

"சாப்பாடு போட்டீங்களா?"

"போட்டோம். மீன் இல்லாத சாப்பாடு. பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தா சாப்பிடணுமேன்னு. வரல."

"அப்புறம் என்ன முடியல?"

"மாலை கரையலீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அத்தை பொறுமையாக வழக்கத்தை விளக்கினார். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா, கரைய எத்தனை நாள் ஆகும்?"

"பூன்னா மூணு நாலு நாளு. இது பிளாஸ்டிக்கு."

"பிளாஸ்டிக் கரையாதேம்மா."

"அத்தத்தான் நானும் சொல்றேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "அம்மா, இங்க 'நடந்தது'ன்னு எழுதலாம், 'நடக்கலை'ன்னு எழுதலாம். 'ஊறிக்கிட்டிருக்கு'ன்னு எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. யோசிச்சு முடிவு பண்ணிட்டு இன்னொரு நாள் வாங்க."

வெளியே வந்தோம். பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அத்தே, அது கரையாதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப நான் போகக்கூடாதுன்னு சொல்லிடுங்களேன். மாலைமேல ஏன் பழி போடறீங்க?"

அவர் புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். சண்டைக்குத் தயாராகிறார் என்று நினைத்தேன். ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நீ இங்க கீற வரிக்கும் அவன் கடுதாசி போடுவான். எனக்கா போடறான்? உனக்குப் போடறான், நான் பக்கத்துல குந்திக்கினு கேக்கறேன். நீயும் பூட்டா எனக்கு யார் போடுவாங்க?"

"நான் போடறேன்."

"இன்னான்னு? 'நல்லா கீறோம், நீங்க நல்லா கீறீங்களா'ன்னு. ரெண்டு தபா போடுவ. மூணாந்தபா எழுத ஒண்ணும் இருக்காது. வுட்டுருவ. நான் உன்னக் கொற சொல்லல. கப்பலுக்குப் போனவன் ஊடு ஊடா எனக்குத் தெரியும்."

வண்டி வந்தது. பொன்னேரியில் கூட்டம் இறங்கியது. அப்போது என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு பண்ணு. உன் மாலைய நீ எட்துக்கினு போ. மாலையே கூட தாண்டுதுன்னா நீயும் தாண்டலாம், அதுல தப்பில்ல. அந்த ஊர்த் தண்ணி எப்பிடியோ, இன்னா உப்போ. அதுல போட்டுப் பாரு. அவன் மாலைய நான் இங்க போட்டுப் பாக்கறேன். கரைஞ்சிதா இல்லியான்னு எழுது. நானும் எழுதச் சொல்றேன்."

"கரைஞ்சிட்டா?"

"கரைஞ்சிட்டா கல்யாணம் முடிஞ்சிது. அப்பறம் உன் இஷ்டம், எழுதினா எழுது, எழுதாட்டி போ. அது வரிக்கும் நீ இந்த ஊட்டுப் புதுப்பொண்ணு. கேக்கற பாத்தியதை எனக்கு உண்டு."

மறுமுறை திருவள்ளூர் போனபோது அதே அதிகாரி.

"என்னம்மா, கரைஞ்சுதா?"

"பாதி கரைஞ்சிதுங்க" என்றார் அத்தை, கண் இமைக்காமல். அதிகாரி 'நடந்தது' என்று எழுதினார்.

5

லண்டன் விமான நிலையத்தில், பூ, செடி, விதை ஏதாவது கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாதே என்று இவர் எழுதியிருந்தார். "பூ" என்றேன். உடனே என்னைத் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். அதற்கென்று படித்த ஓர் அதிகாரி எங்கிருந்தோ கையுறை போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்தார். மாலையை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். நல்லவேளை, அத்தை மாதிரி கடித்துப் பார்க்கவில்லை.

"மேடம், இது பூ இல்லை."

நான் அப்போது அறிந்த இங்கிலீஷில், "இது கல்யாணம்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கல்யாணத்தைத் தடுக்கச் சட்டம் இல்லை போலும். உள்ளே விட்டுவிட்டார்.

அந்த மாலை இன்றைக்கும் எங்கள் அலமாரிமேல் பிஸ்கட் தகர டப்பாவில் இருக்கிறது. வந்த புதிதில் இவர், "அம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்ட, தண்ணியில போடு" என்றார். குளியல் தொட்டியில் போட்டோம். அன்று சாயங்காலமே இவர் குளிக்கவேண்டியிருந்தது. எடுத்துவிட்டோம். அதோடு சரி. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், பக்கத்து வீட்டில் கொடுத்த மரத்தில் எங்கள் மகள் செல்வி அதை எடுத்துச் சுற்றிவிட்டாள். அவளுக்கு இப்போது எட்டு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் கிரிம்ஸ்பியில் பதில் சொல்வாள். "இது உன் அப்பா எனக்குப் போட்ட மாலை" என்றேன். "ஏன், கடையில் மோதிரம் தீர்ந்துவிட்டதா?" என்றாள். கழற்றச் சொல்ல வாயெடுத்தேன். இவர், "இருக்கட்டும், இதவுட மோசமான எடத்துலல்லாம் இருந்துக்கினு வந்ததுதான" என்றார்.

கடிதம் மட்டும் ஒருதரமும் தவறவில்லை. அத்தை சொல்லச் சொல்ல இவருடைய தம்பி வேலு எழுதுவான். இறால் வரத்து, யார் வீட்டில் என்ன விசேஷம், கும்மிடிப்பூண்டியில் வயல் இருந்த இடத்தில் கம்பெனிகள் வருவது, அப்பா சந்தையில் எதிரே வந்தபோது நின்று என் சேதி விசாரித்தது, எல்லாம் இருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். 'இங்கே கரையவில்லை. அங்கே கரைந்துவிட்டதா?' நானும் இங்கத்து மழை, செல்வியின் பள்ளிக்கூடம், மீன் கூடத்து டோரிஸ் வாய் எல்லாம் எழுதிவிட்டு முடிப்பேன்: 'இங்கேயும் கரையவில்லை. தண்ணீர் மாற்றியிருக்கிறேன்.'

அத்தை சொன்னது பொய்யில்லை. என்னோடு கூடப் படித்தவர்கள், கூட விளையாடியவர்கள் எல்லாருக்கும் முதல் வருஷம் எழுதினேன். மூன்றாவது தரம் எழுத ஒன்றும் இருக்கவில்லை. அத்தைக்கு மட்டும் இத்தனை வருஷமாக எழுதுகிறேன். எழுத விஷயம் இருக்கிறது.

6

போன வாரம் ஏகாம்பரம் வந்தார். அத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர், சரக்குக் கப்பலில் சமையல். கப்பல் இந்தப் பக்கம் வந்திருந்தது. அத்தை கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நாள் பூராவும் மீனில் நிற்கிறவளின் மகள்.

சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்தபின், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். "அண்ணே, அத்தைகிட்ட ஒரு மாலை இருக்குமே, அதப் பாத்தீங்களா?"

"அந்த பிளாஸ்டிக்கு மாலையா? அத்த ஏன் கேக்கற! வருசா வருசம் போகி அன்னிக்கு எறக்கி, சவுக்காரம் போட்டுத் தேச்சி, நெழல்ல காயப் போட்டுடும் உங்க அத்தை. புத்தம் புதுசா கீது. ஒரு எதழு கழண்டுக்கினா போதும், வலை ஊசிய எட்துக்கினு குந்திடும்."

இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"தண்ணியில போட்டு வைக்கிறதில்லையா?" என்றேன்.

"தண்ணியிலயா? சுவத்துல ஆணி அடிச்சி மாட்டிக்கீது. யாராவது தொட்டா கைய ஒடிச்சிடும்." ஏகாம்பரம் சிரித்தார். "உங்க வேலு இப்ப கும்மிடிப்பூண்டில பிளாஸ்டிக்குக் கம்பெனில கீறான்ல. பக்கெட்டு, மக்கு செய்றாங்க. அவன் ஒரு நாளு, 'யம்மா, இது எந்த ஊர்த் தண்ணியிலயும் கரையாது. நாமல்லாம் போய்ச் சேந்த பொறவும் இப்பிடியேதான் இருக்கும்'ன்னுட்டான். உங்க அத்தை இன்னா சத்தம் போட்டுச்சின்ற! 'நீ வாய மூடு. அங்க அந்தப் பொண்ணு பாவம், தண்ணி மாத்தி மாத்திப் போட்டுக்கினு கீது. இது அது காதுல உழுந்துச்சி, உன்ன ஊட்டவுட்டுத் தொரத்திடுவேன்'ன்னுச்சி. பெரிய பேஜாரு."

நான் ஏகாம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன். அவர் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

7

மறுநாள் ஞாயிறு. தகர டப்பாவை இறக்கினேன். இத்தனை வருஷத்துத் தூசியைச் சோப்புத்தூள் போட்டு அலசினேன். ஊதாப் பூ ஒன்று கழன்றிருந்தது. வலை முடிச்சை விரல் மறக்கவில்லை. பின்கட்டுக் கொடியில் துணிகளுக்கு நடுவே மாட்டினேன். கடல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உப்புக் காற்றுதான். ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை மவ்ரீன் மறுபடி ஆரம்பித்தாள். இன்றைக்குள் முடிவு சொல்லவேண்டுமாம். நிஜமா, பிளாஸ்டிக்கா?

"உன் மாமியார் எங்கே இருக்கிறார்?" என்றேன்.

"அடுத்த தெருவில். ஏன்?"

"அப்படியென்றால் நிஜப் பூ போதும்."

அவளுக்கு விளங்கவில்லை. டோரிஸ் மட்டும், "நான் முதலிலேயே சொன்னேனே" என்றாள். மணி அடித்தது. எல்லாரும் டீக்குப் போனார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த கடிதத்தாளை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஏகாம்பரம் அண்ணன் வந்து சாப்பிட்டதை எழுதினேன். கருவாட்டுக்குச் செல்வி ஓடியதை எழுதினேன். மவ்ரீனுக்குக் கல்யாணம் என்று எழுதினேன். இடம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

'இங்கே இன்னும் கரையவில்லை அத்தே. நேற்றுத்தான் தண்ணீர் மாற்றினேன். அங்கே கரைந்துவிட்டதா?'